காலடிச் சுவடும் கடல்கொண்ட நாடும்

நேயர்களுக்கு வணக்கம்.

எகிப்துக்கும் மெக்சிகோவுக்கும் தாய்நாடு, கடலுக்குள் போன அட்லாண்டிஸ்தான் என்று யாராவது உங்களிடம் அடித்துச் சொல்லியிருக்கலாம். அந்தப் பேச்சின் வேரைத் தேடிப் போனால், அமெரிக்காவில் மிசிசிப்பி ஆற்றங்கரையில் ஒரு வீட்டு வாசலில் போய் நிற்போம். அந்த வீட்டுக்காரர் பெயர் இக்னேஷியஸ் டானலி. அட்லாண்டிஸைப் பற்றி முதலில் எழுதியவர் கிரேக்க அறிஞர் பிளேட்டோ. சுமார் கி.மு. 360-இல் அவர் எழுதியது, ஆணவம் முற்றிய ஒரு தீவரசு ஒரு பகல் ஓர் இரவில் மூழ்கிய கதை. அந்தத் தீவை உலக நாகரிகம் அனைத்துக்கும் தாயாக்கி மக்கள் நடுவில் பரப்பியவர் டானலி.

1831-இல் ஃபிலடெல்ஃபியாவில் பிறந்தார்; வழக்கறிஞருக்குப் படித்தார். 1856-இல் மினசோட்டா பக்கம் போய், நினிங்கர் என்ற பெயரில் நண்பரோடு ஒரு நகரத்தையே தொடங்கினார். மனை பிரித்து விற்க ஆள் வேண்டுமே, அதற்காக ஒரு பத்திரிகையும் நடத்தினார். ஆங்கிலத்திலும் ஜெர்மனிலும் அச்சான அந்தத் தாளில் நினிங்கர் ஒரு மாநகரம். மறு ஆண்டே, 1857-இல், அமெரிக்க வங்கிகள் ஆட்டம் கண்டன. எதிர்பார்த்த ரயில் வரவில்லை. வந்தவர்களும் கிளம்பிவிட்டார்கள். மனையாக அளந்த நிலத்தில் டானலி கோதுமை விதைத்தார். இருந்த இடத்திலேயே ஒரு நகரம் இல்லாமல் போவதை அவர் கண்ணால் பார்த்தவர். பின்னாளில் மூழ்கிய நாட்டைப் பற்றி அவ்வளவு உருகி எழுதியதற்கு அந்த இழப்பும் ஒரு காரணம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

அவரை ஏமாற்றுக்காரர் என்று நினைத்துவிடாதீர்கள். 1863 முதல் 1869 வரை அமெரிக்கக் காங்கிரஸில் உறுப்பினராக இருந்தார். விடுதலை பெற்ற கறுப்பின மக்களுக்குக் கல்வி வேண்டும் என்று அங்கே வாதாடினார். பிறகு விவசாயிகள் பக்கம் நின்று ரயில் கம்பெனிகளை எதிர்த்தார். அதற்கும் ஒரு வாரப் பத்திரிகை நடத்தினார். 1892-இல் மக்கள் கட்சி ஒமாகாவில் வெளியிட்ட கொள்கை அறிக்கையின் முன்னுரை இவர் எழுதியது. நல்ல மனம், நல்ல பேச்சு, அசுர வாசிப்பு, மூன்றும் இருந்த மனிதர். அதனால்தான் அவர் கதை என் மனதை உறுத்துகிறது.

1878 தேர்தலில் தோற்றார். கையில் காசில்லை, வயது ஐம்பதை நெருங்கியது. அந்த நாட்களில்தான் வீட்டு நூலகத்தில் உட்கார்ந்து, ‘அட்லாண்டிஸ்: ஊழிவெள்ளத்துக்கு முந்தைய உலகம்’ என்ற நூலை எழுதினார். 1882-இல் நியூயார்க்கின் ஹார்ப்பர் நிறுவனம் வெளியிட்டது. பதிப்புக்கு மேல் பதிப்பு போயிற்று. பிரிட்டிஷ் பிரதமர் கிளாட்ஸ்டனே பாராட்டிக் கடிதம் எழுதினார்.

நூலில் அவர் வழி ஒன்றுதான்: இங்கே ஒன்று, அங்கே ஒன்று, இரண்டும் ஒத்திருக்கின்றன, ஆகவே இரண்டும் ஒரே இடத்திலிருந்து வந்தவை. எகிப்தில் பிரமிடு, மெக்சிகோவில் பிரமிடு. ஆனால் கீசாவின் பிரமிடுகள் கி.மு. 2500-ஐ ஒட்டியவை, அரசனைப் புதைத்து மூடிய கல்லறைகள். மெக்சிகோவின் சிச்சென் இட்சாவில் இருப்பது படி ஏறி மேலே போய் வழிபடும் கோயில் மேடை. நடுவே மூவாயிரம் ஆண்டுகளுக்கு மேல் இடைவெளி. கல்லை உயரமாக அடுக்கினால் அடி அகன்றும் நுனி குறுகியும்தான் நிற்கும். அதைச் சொல்லித்தர ஒரு தாய்நாடு தேவையில்லை.

அட்லாண்டிக் கடலின் நடுவே ஒரு மலைத்தொடர் இருப்பதைச் சேலஞ்சர் முதலிய கப்பல்கள் ஆழம் அளந்து காட்டியிருந்தன. அதுவே மூழ்கிய நாட்டின் முதுகெலும்பு என்றார் டானலி. அன்றைய அறிவுக்கு அது கேட்க வேண்டிய கேள்விதான், நான் குறை சொல்லமாட்டேன். 1950-களில் அமெரிக்க நிலவியலாளர்கள் மேரி தார்ப்பும் புரூஸ் ஹீசனும் கடலடியைப் படமாக வரைந்தார்கள். அதற்குப் பின் வந்த ஆய்வுகளில் தெரியவந்தது: அந்தத் தொடர் எந்த நிலமும் அமிழ்ந்த இடமில்லை. பூமியின் உள்ளிருந்து குழம்பு மேலே வந்து, புதிய கடலடி பிறந்து, ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் இரு பக்கமும் விலகிப்போகும் இடம் அது.

1888-இல் இன்னொரு நூல். ஷேக்ஸ்பியர் நாடகங்களுக்குள், அதே காலத்து ஆங்கில அறிஞர் பிரான்சிஸ் பேக்கன் இரகசியச் செய்தி ஒளித்துவைத்திருக்கிறார் என்று சொல்லை எண்ணி, பக்கத்தை எண்ணிக் கண்டுபிடித்ததாகச் சொன்னார். அதே ஆண்டில் மினசோட்டாவின் ஜோசப் பைல், அதேபோல எண்ணி, ஹாம்லெட் நாடகத்திலிருந்து டானலியையே கிண்டல் செய்யும் ஒரு வாக்கியத்தை எடுத்துக் காட்டினார். எதைத் தேடினாலும் கிடைக்கும் முறையில், கிடைத்தது எதற்கும் மதிப்பில்லை என்பதை அதைவிடத் தெளிவாகக் காட்டமுடியாது.

நான் நின்று பேச விரும்புவது எழுத்தைப் பற்றி. கல்வெட்டு படிப்பது என் தொழில். தொடக்க காலத்தில், கல்லின் மேல் தாளை ஒட்டி மை தடவி எடுத்த ஒரு மைப்படியில் தேய்ந்துபோன ஒரு வரியை, அங்கே என்ன வரவேண்டும் என்று நான் நினைத்தேனோ அப்படியே படித்துவிட்டேன். எனக்குக் கற்றுக்கொடுத்தவர் தாளைத் திருப்பிக் கொடுத்து, “தம்பி, கண்ணுக்குத் தெரிவதை மட்டும் எழுதுங்கள். தெரியாத இடத்தில் புள்ளி வையுங்கள்” என்றார். டானலியின் நூலைப் படிக்கும்போதெல்லாம் அந்தக் குரல் கேட்கிறது.

மெக்சிகோவின் யுகடானில் டியகோ தெ லாண்டா என்ற ஸ்பானியப் பாதிரியார் இருந்தார். 1562-இல் மானி என்ற ஊரில் அந்த மண்ணின் பூர்வகுடிகளான மாயர்களின் நூல்களைக் குவித்துத் தீயிட்டவர். மாயரின் பழைய ஏடுகளில் இன்று உலகில் எஞ்சியவை நான்கே நான்கு. அதே லாண்டா, சுமார் 1566-இல் மாயர்களைப் பற்றி எழுதிய குறிப்பில், அவர்களுடைய எழுத்து என்று ஒரு பட்டியலும் தந்தார். படித்த மாயர் ஒருவரை உட்காரவைத்து, ஸ்பானிய நெடுங்கணக்கை ஒவ்வொன்றாகச் சொல்லி, உங்கள் எழுத்தில் இது எப்படி என்று கேட்டு வாங்கியது. அந்தக் குறிப்பின் நகல் ஒன்று மாட்ரிட்டில் கிடந்து, 1864-இல்தான் அச்சேறியது.

இந்தப் பட்டியலை டானலி தன் நூலில் எடுத்துப் போட்டார். பக்கத்தில், ஐரோப்பிய எழுத்துகளுக்கு மூதாதையான ஃபினீசிய எழுத்துகளை வைத்தார். இரண்டும் நேராக ஒட்டவில்லை என்ற இடங்களில், ‘இடைப்பட்ட வடிவங்கள்’ என்று நடுவில் ஒரு பத்தி சேர்த்து, ஒரு கோட்டைக் குறைத்து, ஒரு வளைவை நிமிர்த்தி, ஒன்றை மற்றொன்றாக ஆக்கினார். அந்த வடிவங்களில் எழுதிய கல்லோ ஏடோ கிடையாது. என் ஆசிரியர் புள்ளி வைக்கச் சொன்ன இடம் அது.

அந்தப் பட்டியலில் உண்மையில் என்ன இருந்தது? லாண்டா ‘பி’ எழுத்தைக் கேட்கும்போது, ஸ்பானிய வழக்கப்படி அதன் பெயரான ‘பே’ என்று உச்சரித்தார். மாயர் மொழியில் ‘பே’ என்றால் வழி. எதிரே இருந்தவர் வழியில் பதிந்த காலடிச் சுவடு ஒன்றை வரைந்து கொடுத்தார். கேட்டவர் எழுத்தைக் கேட்டார். கொடுத்தவர் அசையைக் கொடுத்தார். க, கி, கு என்று படித்து வளர்ந்த நமக்கு இது சட்டென்று விளங்கும்.

1952-இல் லெனின்கிராட்டிலிருந்த சோவியத் ஆய்வாளர் யூரி கினோரசோவ் இதைத்தான் பிடித்தார். மாயர் ஏட்டில் வான்கோழிப் படத்தின் மேலே இரண்டு குறிகள். முதல் குறி லாண்டாவின் பட்டியலில் ‘கு’. வான்கோழிக்கு மாயர் சொல் ‘குட்ஸ்’. அப்படியானால் இரண்டாவது ‘ட்சு’. நமக்கு மெய்யின் மேல் புள்ளி உண்டு. மாயர்களிடம் அது இல்லை. ஆகவே ‘கு-ட்சு’ என்று எழுதி, கடைசி உயிரை விட்டுவிட்டுப் படித்தார்கள். அந்த ‘ட்சு’வே நாயின் படத்துக்கு மேலே முதலில் வந்து, ‘ட்சுல்’ என்று நாயைக் குறிக்கும் சொல்லைத் தந்தது. இரண்டு இடத்தில் பொருந்தியது. பொருந்தாமல் போயிருந்தால் அந்த வாசிப்பு அங்கேயே விழுந்திருக்கும். பின்வந்தோர் அந்த வழியில் போய்ப் பழைய நகரங்களின் கல்லில் அரசர்களின் பெயர்களையும் போர்களையும் முடிசூட்டு நாட்களையும் படித்தார்கள்.

டானலி பறித்தது இதைத்தான். மாயர் எழுத்து மாயர் கண்டுபிடித்தது என்ற பெருமையை எடுத்து, இல்லாத ஒரு தீவுக்குக் கொடுத்தார். வட அமெரிக்காவின் பெரிய மண்மேடுகளைக் கட்டியவர்களையும் அட்லாண்டிஸின் குடியேற்றக்காரர்கள் ஆக்கினார். அவற்றைக் கட்டியவர்கள் அந்த மண்ணின் பூர்வகுடிகளின் முன்னோர்களே என்று 1894-இல் ஆய்வாளர் சைரஸ் தாமஸ் அகழ்ந்தெடுத்த சான்றுகளோடு நிறுவினார். அதற்குள் அந்தப் பூர்வகுடிகளில் எத்தனையோ பேர் அந்த நிலத்தைவிட்டே துரத்தப்பட்டிருந்தார்கள். எளியவர்களுக்காக வாழ்நாளெல்லாம் வாதாடியவர் கையால் இது நடந்தது. 1901 ஜனவரி 1 அன்று அவர் இறந்தார். நூல் இன்றும் அச்சில் இருக்கிறது.

லாண்டாவின் குறிப்பில் அந்தப் பட்டியலோடு இன்னொன்றும் இருக்கிறது. எழுத்து எழுத்தாகக் கேட்டு முடிக்காமல், ஒரு வாக்கியம் எழுதிக்காட்டச் சொன்னார் போலும். அந்த மாயர் எழுதிய ஐந்து குறிகளும் அதன் வாசிப்பும் அங்கேயே உள்ளன: ‘மா இன் காட்டி’. மாயர் நூல்களுக்குத் தீயிட்ட அதே பாதிரியாரின் முன்னால் உட்கார்ந்து அந்த மாயர் எழுதிக் கொடுத்த அந்த வாக்கியத்துக்குப் பொருள், ‘எனக்கு விருப்பமில்லை’.