வாய் திறக்காத மீனா

நேயர்களுக்கு வணக்கம். 2024-இல் வந்த 'கொட்டுக்காளி' படத்தைப் பற்றிக் கொஞ்சம் பேசலாம். இயக்கியவர் பி.எஸ்.வினோத்ராஜ். மதுரைப் பக்கத்துக் கதைதான். ஆனால் நம் தருமபுரிப் பக்கம் பென்னாகரத்தில் நடந்தது, அரூரில் நடந்தது என்று யாராவது சொன்னாலும் நாம் நம்பிவிடுவோம்.

கதை சின்னது. மீனாவுக்கு வேறொருவர் மேல் விருப்பம். முறைமாமன் பாண்டிக்குத்தான் அவள் என்று பெரியவர்கள் முடிவு செய்தாயிற்று. பெண்ணுக்குப் பேய் பிடித்திருக்கிறது என்று ஆட்டோவில் ஏற்றி, பேயோட்டும் சாமியாரிடம் கூட்டிப்போகிறார்கள். கூடவே ஆண்கள் பைக்கில். பின்னணி இசையே கிடையாது. ஆட்டோ இரைச்சல், காற்று, சேவல், அப்புறம் ஊர்ப் பேச்சு. ரேடியோ கேட்டுப் பழகிய காதுக்கு நல்ல தீனி!

அன்னா பென் நடித்த மீனா கிட்டத்தட்ட வாயே திறப்பதில்லை. நம் பக்கம் பெண் பார்க்கும்போது பிள்ளை தலைகுனிந்து நின்றால், 'மௌனம் சம்மதம்' என்று தட்டை மாற்றிவிடுகிறோம். பதினெட்டு நிரம்பாத பிள்ளைகளுக்கும் இப்படித்தான் முடிகிறது. தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் குழந்தைத் திருமணம் இன்னும் நின்றபாடில்லை. மீனாவின் மௌனம் அப்படிப்பட்டதில்லை. அத்தனை பேர் சேர்ந்தும் 'சரி' என்ற ஒரு சொல்லை அவளிடமிருந்து வாங்க முடியவில்லை. சூரி நடித்த பாண்டியோ, தொண்டையில் சுண்ணாம்பைத் தடவிக்கொண்டு கட்டிய குரலில் கத்துகிறான்.

வழியில் ஒலிபெருக்கியில் ஒரு சினிமாப் பாட்டு. மீனா லேசாக முணுமுணுக்கிறாள். அதற்குத்தான் பாண்டி அவளை அப்படி அடிக்கிறான்! தடுக்க வந்த வீட்டுப் பெண்களையும் அவன் விடவில்லை. என்னை அதிகம் தொந்தரவு செய்தவர்கள் அந்தப் பெண்கள்தான். அடி வாங்கிய பிறகும் பயணத்தை நிறுத்தச் சொல்லி யாரும் இறங்கிப் போகவில்லை. மீனாவுக்குக் காவலும் அவர்களே, அவளைப் போல மாட்டிக்கொண்டவர்களும் அவர்களே. வில்லி மாமியாரையும் தியாகத் தாயையும் பார்த்துச் சலித்த நமக்கு, இவர்களை எந்தப் பெட்டியில் போடுவது என்று தெரிவதில்லை.

ஓரிடத்தில் காளை ஒன்று வழிமறிக்கிறது. ஆண்கள் தயங்கி நிற்க, ஒரு சிறுமி வந்து சுளுவாக ஓட்டிப்போகிறாள். அழகுதான், கொஞ்சம் திட்டமிட்ட அழகு.

எனக்கு ஒரே மனக்குறை. முடிவில் கேமரா பாண்டி பக்கம் சாய்ந்துவிடுகிறது. இவன் மாறுவானா என்பதே நம்மிடம் விடப்படும் கேள்வி. முடிவெடுக்கும் இடத்தில் அவன்தானே இருக்கிறான், இதுதானே நிஜம் என்று நீங்கள் கேட்கலாம். நியாயம்தான். ஆனாலும் அவ்வளவு தூரம் மீனாவோடு ஆட்டோவில் வந்த எனக்கு, கடைசியில் அவள் முகத்தைத்தான் பார்க்க வேண்டியிருந்தது.