உயர்நிலை இரண்டில் ஆங்கில இலக்கியத்தை விடும் முன்

அனைவருக்கும் வணக்கம். சிங்கப்பூரில் பிள்ளை உயர்நிலை இரண்டில் இருக்கிறது, எந்தப் பாடங்களை எடுப்பது என்று குறிக்கும் பாடத் தேர்வுப் படிவம் ஆண்டு முடிவில் வரப்போகிறது என்றால், ஆங்கில இலக்கியம் பற்றி வீட்டில் நடக்கும் பேச்சு பெரும்பாலும் ஒரே வரியில் முடிந்துவிடுகிறது: "அதுல ஏ1 வாங்குறது கஷ்டமாம்." ஏ1 என்பது மிக உயர்ந்த தரம். அந்த 'மாம்' எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்பதில்லை.

1992இல் ஏறத்தாழ 17,000 மாணவர்கள் உயர்நிலைப் படிப்பின் முடிவில் வரும் சாதாரண நிலைத் (ஓ லெவல்) தேர்வில் இதை முழுப் பாடமாக எழுதினார்கள். 2012இல் அது 3,000 அளவுக்கு இறங்கிவிட்டது. பாடம் கடினம் என்ற பயம் மட்டும் இதற்குக் காரணமல்ல. சோஷியல் ஸ்டடீஸ் என்ற சமூகக் கல்விப் பாடம் கட்டாயமாகி, அதனுடன் வரலாறு, புவியியல், இலக்கியம் ஆகியவற்றில் ஒன்றைப் பாதிப் பாடமாகச் சேர்த்து எடுக்கும் ஏற்பாடும் வந்தது. முழு இலக்கியத்துக்கு இருந்த நாற்காலி அதில் பறிபோனது.

சொல்லிக்கொடுப்பவர் யார் என்பதையும் பார்க்க வேண்டும். ஆங்கில ஆசிரியர் எல்லாரும் இலக்கிய ஆசிரியர் அல்லர்; இரண்டும் தனித்தனிப் பாடங்கள். பட்டம் முடித்தவர் தேசியக் கல்விக் கழகத்தில் முதுநிலைக் கல்விப் பட்டயம் பெற்று உயர்நிலைப் பள்ளிக்கு வருவது வழக்கமான பாதை. அவருடைய பட்டம் மொழியியலாக இருக்கலாம், இலக்கியமாக இருக்கலாம், நாடகமாகவும் இருக்கலாம். மொழியியல் படித்தவர் வாக்கியத்தைப் பிரித்துப் போடுவதில் கெட்டிக்காரர். நாடகம் படித்தவர் வகுப்பையே மேடையாக்கிவிடுவார். இலக்கியம் படித்தவருக்கு, ஒரே கவிதைக்கு இரண்டு பொருள் சொல்லி இரண்டையும் நிறுவிய பழக்கம் இருக்கும். இந்தப் பாடத்துக்கு அதிகம் வேண்டியது அந்தப் பழக்கம்தான். ஆனாலும் பட்டத்தை வைத்து ஆசிரியரை எடைபோட வேண்டாம். பிள்ளையின் கோப்பைத் திறந்து பாருங்கள். அச்சடித்த குறிப்புகள் மட்டும் அடுக்கியிருந்தால் கொஞ்சம் யோசிக்க வேண்டும். கவிதையைச் சுற்றிப் பிள்ளையின் கையெழுத்தில் அம்புக்குறியும் அடித்தலும் கேள்விக்குறியுமாகக் கிறுக்கியிருந்தால் நல்ல வகுப்பு.

தேர்வில் பாதிப் பாடம் என்றால் படித்துவைத்த ஒரு நூலும், முன்பின் பார்த்திராத ஒரு கவிதையும். முழுப் பாடத்தில் இவற்றோடு ஒரு நாடகத் தாளும் சேரும். பிள்ளைகள் சறுக்குவது பெரும்பாலும் அந்தப் பார்த்திராத கவிதையில். எப்படிச் சறுக்குகிறார்கள் என்று காட்ட, தமிழிலேயே ஒரு வரி கட்டிக்கொள்வோம்: "அம்மா கதவைச் சாத்தினாள், பூட்டு இருமுறை இருமியது."

மனப்பாடம் செய்த மாணவர் எழுதுவது: "கவிஞர் பூட்டுக்கு மனிதச் செயலை ஏற்றியுள்ளார். இதனால் காட்சி வாசகர் மனத்தில் தெளிவாகப் பதிகிறது." தப்பே இல்லை. ஆனால் இந்த இரண்டாவது வாக்கியத்தை உலகத்தில் எந்தக் கவிதைக்கும் ஒட்டலாம். அதனால்தான் மதிப்பெண் ஏறுவதில்லை.

வரியை மறுபடி பாருங்கள். 'கிறீச்சிட்டது' என்று போடவில்லை, 'இருமியது' என்று போட்டிருக்கிறார். இருமல் நோயாளிக்கு வருவது. பழைய வீடு, தளர்ந்த பூட்டு. பேச வந்ததை அடக்கிக்கொள்பவரும் இருமுவதுண்டு. அம்மா பேசவில்லை, பூட்டுதான் சத்தம் போடுகிறது. அப்படியானால் அவள் சொல்லாததைப் பூட்டு சொல்கிறதா? ஏன் இரண்டு முறை? ஒரே தடவையில் பூட்ட மனம் வரவில்லையோ? இதில் எதையாவது ஒன்றைப் பிடித்துக்கொண்டு, மற்ற வரிகளில் சான்று தேடி எழுதினால் அது விடை. 'உருவகம்', 'மனிதப் பண்பேற்றம்' என்று பெயர் வைப்பதோடு நின்றால் வெறும் பட்டியல்தான்.

துணைப்பாட வகுப்புகளில் மாதிரிக் கட்டுரைகளைக் கொடுப்பது இங்கேதான் கெடுதல் செய்கிறது. கேள்வி "இந்தப் பகுதி எப்படிப் பதற்றத்தைக் கூட்டுகிறது?" என்று கேட்கும், மாணவர் தயாரித்து வைத்த "கதாநாயகனின் குணநலன்" கட்டுரையைக் கொட்டிவிட்டு வருவார். கேள்வியில் உள்ள முக்கியச் சொல் ஒவ்வொரு பத்தியிலும் ஏதாவது ஒரு வடிவில் வருகிறதா என்று தேடச் சொல்லுங்கள். வராத பத்தி கேள்வியை விட்டு விலகிய பத்தி.

நூலைப் பொறுத்தவரை, முதல் முறை குறிப்பெடுக்காமல் கதையாகவே படித்து முடிக்க வேண்டும். பென்சில் இரண்டாவது முறைக்கு. மேற்கோளை நீளமாக மனப்பாடம் செய்வது வீண் உழைப்பு; மூன்று முதல் ஆறு சொற்கள் போதும், அவற்றைச் சொந்த வாக்கியத்துக்குள் செருகத் தெரிய வேண்டும். நாடகமாக இருந்தால் வீட்டில் இரண்டு பேர் உரக்கப் படியுங்கள். உங்கள் உச்சரிப்பைப் பற்றிக் கவலை வேண்டாம். யார் யாரை இடைமறிக்கிறார், யார் பதில் சொல்லாமல் பேச்சை மாற்றுகிறார் என்பது காதில்தான் முதலில் விழும்.

நேரக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். ஒரு கட்டுரைக்கு 50 நிமிடம் என்று வையுங்கள். பார்த்திராத கவிதைக்கு அதில் முதல் 15 நிமிடம் எழுதவே கூடாது. மூன்று முறை படித்து, அடிக்கோடிட்டு, மூன்று பத்திக்குக் குறிப்பு போட வேண்டும். பக்கத்து மேசையில் பேனா ஓடும் சத்தம் கேட்டுப் பதறி ஐந்தாவது நிமிடமே தொடங்கும் பிள்ளைதான், பாதி எழுதிய பிறகு கடைசி நான்கு வரியில் கவிதை திசை மாறுவதைக் கவனித்துத் திணறும்.

2024 முதல் உயர்நிலை ஒன்றில் சேர்ந்தவர்களுக்கு, பாடத்தின் கடினத்தைப் பொறுத்து ஜி1, ஜி2, ஜி3 என்ற நிலைகள்தான் (ஜி3தான் மிகக் கடினம்); 2027 முதல் சாதாரண நிலைத் தேர்வுக்குப் பதிலாகப் புதிய பொதுச் சான்றிதழுக்கான தேர்வு. ஆகவே பள்ளியின் பாடத் தேர்வுக் கூட்டத்தில் வாய்விட்டுக் கேளுங்கள்: இலக்கியம் எந்த நிலையில் இருக்கிறது, முழுப் பாடமா பாதியா, எந்த நூல்கள், குறைந்தது எத்தனை பேர் சேர்ந்தால் வகுப்பு நடக்கும்? கடைசிக் கேள்வியை மறக்க வேண்டாம். ஆள் சேராமல் வகுப்பே நடக்காது என்றால், படிவத்தில் இரண்டாவது விருப்பமாக எதை எழுதுவது என்று அன்றைக்கே பிள்ளையோடு பேசி வைத்துக்கொள்ள வேண்டியிருக்கும்.