709 ஓட்டு, 317 ஓட்டு, ஒரு கவர்: மேயர் சியான்சியின் கதை

[திரையில்: ரகசிய கேமராவில் பதிவான வீடியோ]

இந்த வீடியோவில் நடப்பது சில நொடி வேலைதான். ஒரு வியாபாரி ஒரு கவரை நீட்டுகிறார். எதிரே இருப்பவர் வாங்கிக்கொள்கிறார். கவருக்குள் 1,000 டாலர். வாங்கியவர் பெயர் ஃபிராங்க் கொரெண்டே. அமெரிக்காவில் ரோட் ஐலண்ட் மாநிலத்தின் தலைநகரான பிராவிடன்ஸில், மாநகராட்சியின் நிர்வாக இயக்குநர். மேயருக்கு வலது கை.

அந்த மேயர்தான் வின்சென்ட் சியான்சி. ஊர் அவரைச் செல்லமாக 'பட்டி' என்று கூப்பிட்டது.

ஊழலில் ஜெயிலுக்குப் போனவர் திரும்பி வந்து தேர்தலில் நின்றால், அவருக்கும் ஓட்டு விழுகிறது. கேட்டால், 'மக்களுக்கு மறதி அதிகம்' என்று சொல்லிவிடுகிறோம். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. சியான்சி செய்தது எதையும் பிராவிடன்ஸ் மறக்கவில்லை. அவர் ஜெயித்த வித்தியாசங்களைப் பாருங்கள், வேறொரு கதை தெரியும்.

[திரையில்: 1974]

சியான்சி அரசு வழக்கறிஞராக இருந்தவர். லஞ்சத்தை ஒழிப்பேன் என்று சொல்லித்தான் முதல்முறை மேயர் தேர்தலில் நின்றார், அதுவும் குடியரசுக் கட்சி சார்பில். பிராவிடன்ஸோ ஜனநாயகக் கட்சியின் கோட்டை. ஆனால் அந்த வருடம் கோட்டைக்குள்ளேயே சண்டை. அப்போதைய மேயர் டோர்லி மேல் கோபத்தில் இருந்த சொந்தக் கட்சிக்காரர்களே உள்ளடி வேலை பார்த்தார்கள். 709 ஓட்டு வித்தியாசத்தில் சியான்சி ஜெயித்தார். அப்போது அவருக்கு வயது 33.

1982-ல் சுயேச்சையாக நின்றார். மும்முனைப் போட்டி, மறுபடியும் வெற்றி. அடுத்த வருடம், பிரிந்திருந்த தன் மனைவியோடு தொடர்பு என்று சந்தேகப்பட்ட ஒருவரை வீட்டுக்கு வரவழைத்து அடித்தார். எரியும் சிகரெட், ஆஷ்ட்ரே, கணப்பு அடுப்புக்கு வைத்திருந்த விறகுக்கட்டை என்று கையில் கிடைத்ததெல்லாம் ஆயுதமானது. 1984-ல் நிறுத்திவைக்கப்பட்ட சிறைத் தண்டனை கிடைத்தது, பதவி போனது. அவருடைய நிர்வாகத்தில் இருந்த பலர் தனியாக ஊழல் வழக்குகளில் தண்டிக்கப்பட்டார்கள்.

அத்தோடு முடிந்தது என்றுதான் யாரும் நினைப்பார்கள். சியான்சி ரேடியோவுக்குப் போனார். தினமும் மக்களோடு பேச்சு. 1990-ல் மறுபடி சுயேச்சை, மறுபடி மும்முனை. இந்தமுறை வித்தியாசம் வெறும் 317 ஓட்டு!

[திரையில்: இரவு, ஆற்றில் எரியும் விறகுகள்]

இந்த இரண்டாவது இன்னிங்ஸில்தான் ஊரே மாறியது. நகர மையத்தில் ஆற்றை மூடிக்கொண்டு அகலமான சாலைகள் கிடந்தன. அவற்றைப் பெயர்த்து, ஆறுகளின் போக்கையே கொஞ்சம் நகர்த்தி, தண்ணீரை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தார்கள். 1994-ல் 'வாட்டர்ஃபயர்' தொடங்கியது: ஆற்றின் நடுவே வரிசையாக இரும்புச் சட்டிகள், அவற்றில் விறகு நெருப்பு, கரை முழுக்கக் கூட்டம். திட்டம் போட்டவர்கள், நிதி கொடுத்தவர்கள் வேறு பலர். அதைச் சொல்லியே ஆக வேண்டும். ஆனால் ரிப்பன் வெட்டியது சியான்சி. எந்த விசேஷத்துக்கும் ஆள் வருவார். அவர் படம் போட்ட தக்காளி சாஸ் பாட்டில்கூட கடையில் விற்றது.

ஆறு எல்லார் கண்ணிலும் படும். கவர் யார் கண்ணிலும் படாது. கவர் கொடுக்க முடியாத சின்ன வியாபாரி ஒருவர் கடையை மூடிக்கொண்டு போனால், அவர் ஏன் போனார் என்பது பக்கத்துக் கடைக்காரருக்குக்கூடத் தெரியாது.

அந்தக் கவரைக் கண்ணுக்குக் காட்டியவர் டோனி ஃப்ரெய்டஸ் என்ற வியாபாரி. மாநகராட்சியோடு தொழில் செய்ய லஞ்சம் எதிர்பார்க்கிறார்கள் என்று எஃப்.பி.ஐ.யிடம் போய் நின்றார். மாதக்கணக்கில் உடம்பில் மைக்கை மறைத்துக்கொண்டு, அதிகாரிகளோடு பேசிப் பதிவு செய்தார். சொந்த ஊரில், நாளைக்கும் தொழில் செய்ய வேண்டிய இடத்தில், இதைச் செய்ய எவ்வளவு துணிச்சல் வேண்டும்! 1999 ஏப்ரலில் எஃப்.பி.ஐ. மாநகராட்சி கட்டடத்துக்குள் சோதனைக்கு நுழைந்தது.

கவர் வீடியோவைத் தொலைக்காட்சியில் காட்டியவர் ஜிம் டாரிகானி என்ற நிருபர். யார் கொடுத்தது என்று நீதிமன்றம் கேட்டது. சொல்ல மறுத்தார். 2004-ல் அவருக்கு 6 மாத வீட்டுக்காவல் விதித்தார்கள். ஊழலைக் காட்டியவருக்கும் தண்டனை என்பதை என்னால் இன்றும் ஏற்க முடியவில்லை.

சரி, தீர்ப்புக்கு வருவோம். 2002 ஜூன். 12 குற்றச்சாட்டுகளில் 11-ல் சியான்சி குற்றவாளி இல்லை. ஒன்றே ஒன்றில் மாட்டினார்: ரிக்கோ சட்டத்தின்கீழ் சதி. மாஃபியாக்களை மனதில் வைத்து 1970-ல் கொண்டுவந்த சட்டம் அது. இந்தக் கவரை இவர் கையால் வாங்கினார் என்று நிரூபிக்கத் தேவையில்லை. மாநகராட்சியையே வசூல் கருவியாக நடத்த உடன்பட்டார் என்று ஜூரி நம்பினால் போதும். 5 ஆண்டு 4 மாதம் சிறை. 11-ல் விடுதலை ஆனதையே சியான்சியின் ஆதரவாளர்கள் கடைசிவரை பிடித்துக்கொண்டார்கள்.

2007-ல் வெளியே வந்தார். மறுபடி ரேடியோ. 2014 ஜூன் 25 அன்று, தன் நிகழ்ச்சியிலேயே அறிவித்தார்: மேயர் தேர்தலில் நிற்கிறேன். வயது 73. புற்றுநோய்க்குச் சிகிச்சை வேறு.

இந்தமுறை எதிரே இருந்தவர்கள் பழைய கணக்கைப் படித்திருந்தார்கள். ஓட்டு பிரிந்தால் சியான்சி வந்துவிடுவார். ஜனநாயகக் கட்சியின் பிரெட் ஸ்மைலி உட்கட்சித் தேர்தலுக்கு முன்பே விலகினார். சுயேச்சை லார்ன் அட்ரெயினும் விலகினார். இருவரும் கைகாட்டியது ஜனநாயகக் கட்சியின் ஹோர்ஹே எலோர்சாவை. தனக்கென்று பிரசாரம் செய்து, நன்கொடை வாங்கி, பிறகு இன்னொருவருக்காக வழிவிடுவது லேசான காரியம் இல்லை.

பிரசாரத்தில் ஓய்வூதியமும் கிளம்பியது. போலீஸ், தீயணைப்புத் துறையினரின் ஓய்வூதியம் ஆண்டுக்கு 5, 6 சதவீதம் கூட்டு வட்டிபோல ஏறும் என்ற உடன்பாட்டில் 1991-ல் கையெழுத்துப் போட்டவர் சியான்சி. 6 சதவீதம் என்றால் 12 ஆண்டில் தொகை இரட்டிப்பு. அந்தப் பாரத்தை ஊர் இன்னும் சுமந்துகொண்டிருந்தது.

நவம்பரில் முடிவு வந்தது. எலோர்சா சுமார் 53 சதவீதம், சியான்சி சுமார் 45. தோற்றார்தான். ஆனால் அந்த 45-ஐயும் பாருங்கள். இன்னொரு வலுவான வேட்பாளர் களத்தில் இருந்திருந்தால், அதுவே ஜெயிக்கிற எண்.

2016 ஜனவரி 28 அன்று சியான்சி இறந்தார். எஃப்.பி.ஐ. சோதனை போட்ட அதே மாநகராட்சி கட்டடத்தில் உடலை வைத்தார்கள். உள்ளே போய் அஞ்சலி செலுத்த, இரண்டு நாள் மக்கள் வந்துகொண்டே இருந்தார்கள்.