கறையான் என்று சொன்ன தம்பிக்கு

நடுவர் அவர்களே, இரு அணியினரே, முன்வரிசையில் பாய் விரித்து இருக்கிற அம்மாமாரே, எல்லாருக்கும் வணக்கம்.

தலைப்பு உங்களுக்குத் தெரியும். வீட்டுக்கு நிறைவு தருவது கடைப் புதுத் தளபாடமா, திருத்தி எடுத்த பழைய தளபாடமா? நாங்கள் பழையதின் பக்கம். நாலு குறிப்பு எழுதிக்கொண்டுதான் வந்தேன். ஆனால் எனக்கு முதல் பேசின தம்பி ஒரு சொல்லை விட்டார். "பழைய சாமான் கடையில அலுமாரி வாங்கினா கறையான் இலவசம்!" நீங்களும் கை தட்டினீர்கள். குறிப்புக் கிடக்கட்டும், முதலில் கறையானைப் பார்ப்போம்.

தம்பி, சுவரில் மண்கோடு இழுத்து ஏறுகிற கறையானுக்கு மண்ணும் ஈரமும் இல்லாமல் சீவியம் இல்லை. அலுமாரியைத் தூக்கி லொறியில் ஏற்றினால் அதன் பாதை அறுந்துபோகும். நீங்கள் பயப்பட வேண்டியது வேறு இரண்டுக்கு. லாச்சியை இழுத்துக் கறுத்தக் கடதாசிக்கு மேலே தட்டிப் பாருங்கள். மாப்போல நைசான தூள் விழுந்தால் அது உளு, வண்டின் வேலை. விரலில் நெருடுகிற சின்னச் சின்ன மணியாக விழுந்தால், காய்ந்த மரத்துக்குள்ளேயே குடியிருக்கிற கறையான்.

சரி, அந்த வண்டு எதைத் தின்னும்? மரத்தில் இருக்கிற மாச்சத்தை. அது இருப்பது வைரத்துக்கு வெளியே உள்ள வெள்ளைப் பகுதியில். வைரம் பாய்ந்த முதிரை மரத்திலும் தேக்கிலும் அதுக்குச் சாப்பாடு இல்லை. ஆனால் எதிரணி மெச்சுகிற மலிவுப் புதுக் கட்டில் பெரும்பாலும் என்ன மரம்? இறப்பர் மரம். பால் வெட்டி முடிந்த பிறகு தறிக்கிற மரம், உள்ளே முழுக்க மாச்சத்து. அறுத்த கையோடு போரோன் மருந்து ஏற்றாவிட்டால் வண்டு விடாது. மருந்து ஒழுங்காக ஏறியதா என்று வார்னிஷுக்கு மேலால் பார்த்துக் கண்டுபிடிக்க உங்களால் முடியுமா? இலவசம் எந்தக் கடையில் என்று இப்போது சொல்லுங்கள் தம்பி!

பழையதில் உளு இருந்தால் வழி இருக்கிறது. முதலில் பழைய பொலிஷை எடுக்க வேண்டும், பொலிஷுக்கு மேலே பூசிய மருந்து மரத்துக்குள் இறங்காது. 1 லீற்றர் சுடுதண்ணீரில் 60 கிராம் போராக்ஸ், 40 கிராம் போரிக் அமிலம் கரைத்து, கையுறை போட்டு, இரண்டு தரம் பூசிக் காயவிட வேண்டும். துளைகளை மெழுகால் அடைத்துவிட்டு மாதக் கணக்கில் பார்க்க வேண்டும். புதுத்துளை விழுந்தால் உள்ளே இன்னும் உயிர் இருக்கிறது, மருந்தைத் திரும்பப் பூசு. மண்ணெண்ணெய் அடிப்பது மேலோட்டமான வேலை. மணம் போகும், வண்டு உள்ளேயே இருக்கும்.

இனி ஒரு சம்பவம். மட்டக்களப்பில், காத்தான்குடிப் பக்கம் ஒரு பழைய சாமான் கடை. வாசலில் தையல் மெசின் காலில் பூட்டிய மேசை, கூரையில் தொங்குகிற தொட்டில், ஒரு லாச்சி நிறைய வீடில்லாத திறப்புகள். அங்கே ஒரு அலுமாரி வந்து இறங்கியது. விறகு விலை. பச்சை எனாமல், அதுக்குக் கீழே மஞ்சள் கலந்த வெள்ளை, அதுக்கும் கீழே மண்ணிற வார்னிஷ். தூக்க நாலு பேர் வேண்டிக் கிடந்தது, அதிலேயே கடையில் மரவேலை செய்கிற ஓடாவிக்குச் சந்தேகம். பின்காலின் உள்பக்கத்தில், கண்ணுக்குப் படாத இடத்தில், ஒரு அங்குலம் வழித்துப் பார்த்தார். உள்ளே பொன்மஞ்சள். முதிரை!

பழைய எனாமலில் ஈயம் இருக்கலாம். காய்ந்தபடி உரஞ்சினால் தூசி நெஞ்சுக்குள் போகும். அதனால் பழைய பூச்சை இளக்குகிற ரிமூவர் பூசி, 20 நிமிடம் ஊறவிட்டு, தகட்டால் வழித்தெடுத்தார். ஆடின மூட்டுகளைக் கொட்டாப்புளியால் மெதுவாகத் தட்டிக் கழற்றி, பழைய வச்சிரப் பசையைச் சுடுதண்ணீரால் துடைத்தார். அதுக்கு மேலே புதுப் பசை பிடிக்காது. கயிறு கட்டிக் கோல் கொடுத்து முறுக்கி ஒரு நாள் விட்டார். கதவு மட்டும் பூட்டியபடி. திறப்பு இல்லை. பூட்டை உடைக்க முதலாளி விடவில்லை. பின்பலகையைக் கழற்றித்தான் உள்வேலை முடித்தார்கள்.

பிறகு ஒரு நாள் கல்லடியில் இருந்து ஒரு அம்மா வந்தார். மகளின் வீட்டுக்குக் கதிரை பார்க்க. மினுங்குகிற அலுமாரியைக் கண்டு நின்றுவிட்டார். முதலாளியிடம் சொன்னார்.

"காக்கா, எங்கட வீட்டிலயும் இதப்போல ஒண்டு கிடந்த. பச்சை. மகன் விறகுக்குக் குடுத்திட்டான்."

"வேணுமெண்டா எடுங்க தங்கச்சி. பூட்டுத்தான் இரிக்கு, திறப்பு இல்ல."

அம்மா கைப்பையைத் திறந்தார். திறப்புக் கோர்வையை எடுத்தார். வீட்டில் எந்தப் பூட்டுக்கும் சேராத, ஆனால் எறிய மனம் வராத ஒரு பித்தளைத் திறப்பு. போட்டார். திருப்பினார். டக்!

நடுவர் அவர்களே, அந்த 'டக்' பின்வரிசைக்குக் கேட்கவில்லைபோல. திறப்பைப் போட்டார்... திருப்பினார்... டக்!

விறகு விலைக்குப் போனது, பல மடங்கு விலை கொடுத்து அதே வீட்டுக்குத் திரும்பிப் போனது. எதிரணி அநியாய விலை என்பார்கள். இரண்டு கிழமைக் கூலி, ரிமூவர், 1 லீற்றர் ஸ்பிரிட்டுக்கு 250 கிராம் அரக்கு என்று கலந்து பஞ்சுப் பொட்டணத்தால் பூசின பொலிஷ் எல்லாம் சேர்ந்ததுதான் அந்த விலை. அந்தப் பொலிஷையும் மாரியில் பூச முடியாது. ஈரக்காற்றில் ஸ்பிரிட் பறக்கும்போது பொலிஷ் வெளிறிப்போகும். கார்த்திகை, மார்கழியில் நம்முடைய ஓடாவிமார் பொலிஷ் வேலையை ஒத்திவைப்பது அதனால்தான். அதே மாரி வெள்ளம் வீட்டுக்குள் இரண்டு நாள் நின்றால் மரத்தூளை அழுத்திச் செய்த சிப்போட் அலுமாரி என்னவாகும்? அடி ஊதும், ஸ்குரூ கழரும், திரும்பப் பூட்டினால் பிடிக்காது. முதிரை அலுமாரியைத் துடைத்து நிழலில் விட்டால் போதும்.

நடுவர் அவர்களே, நம்முடைய ஊரில் வீடு பெண்பிள்ளைக்கு. தாய் வீட்டில் இருந்த அலுமாரி மகளுக்கு, அவளுடைய மகளுக்கு. ஆண்பிள்ளைகள் கலியாணம் முடித்து வேறு வளவுக்குப் போவார்கள், அலுமாரி அசையாது. 1978 கார்த்திகைச் சூறாவளியில் கூரை பறந்தபோது சேலையும் காணி உறுதியும் தப்பினது அதுக்குள்ளேதான் என்று சொல்கிற வீடுகள் இங்கே எத்தனை! 2004 மார்கழியில், சுனாமிக்குப் பிறகு, நாவலடியில் வீடு நின்ற இடத்தில் வீடில்லை. கடலும் வாவியும் கொண்டுபோய் ஒதுக்கின கட்டில் காலையும் கதவுப் பலகையையும், "இது எங்கட" என்று தடவிப் பார்த்தவர்கள் இந்தக் கூட்டத்திலும் இருப்பீர்கள். உப்புத்தண்ணீர் குடித்த பலகையை நல்ல தண்ணீரில் திரும்பத் திரும்பக் கழுவ வேண்டும், உப்பு நின்றால் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். வெயிலில் போட்டால் வெடிக்கும், நிழலில் கிழமைக் கணக்கில் காயவிட வேண்டும். அந்தப் பொறுமையோடு ஒரு பலகையைக் காயவிட்டவருக்குத் தெரியும், அவர் காப்பாற்றினது பலகையை மட்டும் இல்லை.

அம்மாமாரே, மகன்மார் வெளிநாட்டில் இருந்து புது அலுமாரிக்குக் காசு அனுப்புவார்கள். வாங்குங்கள், சந்தோசம். பழையதை விறகுக்காரரின் லொறியில் ஏற்றுவதற்கு முதல் ஒரு ஓடாவியைக் கூப்பிட்டுப் பின்பலகையைக் காட்டுங்கள். ஒரு அங்குலம் வழித்துப் பார்க்கச் சொல்லுங்கள். முதிரையை இன்று அனுமதி இல்லாமல் தறிக்கவும் முடியாது, ஏற்றவும் முடியாது. உங்கள் அம்மம்மாவின் அறையில் அது சும்மா நிற்கிறது.

மணி அடித்துவிட்டார்கள். நன்றி, வணக்கம்.