அவள் வருவதற்கு முன்னால் வீட்டாரைத் தயார்படுத்துங்கள்

எல்லாருக்கும் வணக்கம்.

போதைப் பழக்கத்தோடு சிறைக்குப் போய்த் திரும்பி வருகிற பெண்களைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். ஆனால் பேச்சில் பாதிக்கு மேல் அவர்களுடைய வீட்டாரைப் பற்றித்தான் இருக்கும். சிறைக்குள் அந்தப் பெண்ணுக்கு வகுப்பு நடக்கிறது, கவுன்சலிங் நடக்கிறது. அவள் போய்ச் சேரப்போகிற வீட்டோடு பெரும்பாலும் யாரும் ஒரு வார்த்தைகூடப் பேசுவதில்லை. இதை மாற்றியே ஆக வேண்டும்.

ஏன் இவ்வளவு அவசரம்? அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலச் சிறைகளிலிருந்து 1999 முதல் 2003 வரை விடுதலையான 30,237 பேரின் விவரங்களைக் கொண்டு செய்த ஆய்வு ஒன்று 2007-இல் வெளிவந்தது. வெளியே வந்த முதல் இரண்டு வாரங்களில் அவர்கள் இறந்துபோகும் அபாயம் அந்த மாநிலத்தின் மற்ற மக்களைவிட 12.7 மடங்கு. அளவுக்கு மீறிப் போதைமருந்து எடுத்து இறக்கும் அபாயத்தை மட்டும் பார்த்தால் 129 மடங்கு.

காரணம் உடம்பில் இருக்கிறது. ஹெராயின் போன்ற அபினி வகைப் போதையைத் தொடர்ந்து எடுப்பவர்களின் உடம்பு கொஞ்சம் கொஞ்சமாக அதிக அளவைத் தாங்கப் பழகுகிறது. சிறையில் மாதக்கணக்கில் எடுக்காமல் இருந்தால் அந்தத் தாங்கும் சக்தி போய்விடும். ஆசை மட்டும் போகாது. வெளியே வந்து பழைய அளவையே எடுத்தால் மூச்சு அடங்கிவிடுகிறது. “இத்தனை மாசம் தொடவே இல்லை, இனிமேல் பயமில்லை” என்று வீட்டார் நிம்மதி அடைகிற நாட்கள்தான் அவளுக்கு மிக ஆபத்தான நாட்கள். இந்த ஒரு விஷயத்தையாவது ஒவ்வொரு அம்மாவுக்கும் அக்காவுக்கும் சொல்லியிருக்க வேண்டாமா?

அடங்கிப்போகும் மூச்சைத் திரும்பக் கொண்டுவர நலோக்சோன் என்ற மருந்து இருக்கிறது. ஸ்காட்லாந்தில் 2011-இல் தொடங்கிய தேசியத் திட்டத்தில், சிறையை விட்டுப் போகிறவர்களின் கையிலேயே அதைக் கொடுத்து அனுப்பினார்கள். அவளே நினைவிழந்து கிடக்கும்போது அதைப் போடப்போவது யார்? பக்கத்தில் இருப்பவர்தான். அதனால் வீட்டில் இருப்பவருக்கும் அதைப் பயன்படுத்தத் தெரிந்திருக்க வேண்டும். “இதை வீட்டில் வைத்தால் மறுபடி எடுக்கச் சொல்வது போல ஆகாதா?” என்று கேட்பார்கள். ஆகாது. உயிரோடு இருப்பவர்தான் பழக்கத்திலிருந்து மீள முடியும்.

இன்னொரு கேள்வி, சிகிச்சை மருந்து பற்றியது. அபினி வகைப் போதையின் ஏக்கத்தை அடக்க மருத்துவர்கள் கொடுக்கும் மெத்தடோன், பியூப்ரினார்பின் மாதிரியான மருந்துகளை “ஒரு போதைக்குப் பதில் இன்னொரு போதை” என்று சொல்லி, வீட்டாரே நிறுத்த வைப்பதுண்டு. அன்போடுதான் செய்கிறார்கள். ஆனால் அது உயிரைப் பணயம் வைக்கிற அன்பு. அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலத்தில் 2016-இல் சிறைகளுக்குள்ளேயே இந்தச் சிகிச்சையைத் தொடங்கி, விடுதலைக்குப் பிறகும் தொடர ஏற்பாடு செய்தார்கள். சமீபத்தில் சிறையிலிருந்து வந்தவர்களில் அளவு மீறிய போதையால் இறந்தவர்கள் 2016-இன் முதல் ஆறு மாதங்களில் 26 பேர். அடுத்த வருடம் அதே மாதங்களில் 9 பேர். மருந்தை எப்போது குறைப்பது, எப்போது நிறுத்துவது என்பதை அவளும் மருத்துவரும் முடிவு செய்யட்டும்.

சரி, குடும்பம் என்று யாரைச் சொல்கிறோம்? இதை அவளிடம்தான் கேட்க வேண்டும். முதன்முதலில் போதையைக் கையில் கொடுத்தவன் கணவனாகவோ காதலனாகவோ இருக்கலாம். அடித்தவர் அதே வீட்டில் இருக்கலாம். பெண் கைதிகளுக்காக ஐ.நா. பொதுச்சபை 2010-இல் ஏற்றுக்கொண்ட பாங்காக் விதிகள் இதைக் கவனித்திருக்கின்றன. பெண் கைதிகளில் பலர் குடும்ப வன்முறையை அனுபவித்தவர்கள் என்பதால், யார் தன்னைப் பார்க்க வரலாம் என்பதை அந்தப் பெண்ணிடமே கலந்து பேச வேண்டும் என்கிறது 44-வது விதி. விடுதலைக்குப் பிறகும் இதே மரியாதை வேண்டும். அவள் ஒரு சித்தியின் பெயரைச் சொன்னால் சித்திதான் குடும்பம். ஒரு தோழியைச் சொன்னால் தோழிதான்.

நியூயார்க்கில் 1996-இல் லா போதேகா தெ லா ஃபமிலியா என்று ஒரு மையம் தொடங்கினார்கள். அங்கே பழக்கத்தில் இருப்பவரை மட்டும் உட்கார வைத்துப் பேசவில்லை. யார் யாருக்கு என்ன உறவு, யாரால் என்ன செய்ய முடியும் என்று குடும்பத்தையே ஒரு படமாக வரைந்தார்கள். பங்கெடுத்தவர்களில் 80 சதவீதமாக இருந்த போதைப் பயன்பாடு ஆறு மாதத்தில் 42 சதவீதமாகக் குறைந்தது. வீட்டாரின் ஆதரவும், அவர்கள் கொடுத்த அழுத்தமும் சேர்ந்து இதில் பெரிய பங்கு வகித்ததாக ஆய்வாளர்கள் கண்டார்கள்.

அழுத்தம் என்றதும் கைப்பையைச் சோதிப்பது, குளியலறைக் கதவைத் தட்டுவது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. வார்டரிடமிருந்து தப்பி வந்தவளுக்கு வீட்டில் நான்கு வார்டர்கள் எதற்கு? ராபர்ட் மேயர்ஸ் என்ற உளவியலாளர் வேறு ஒரு வழியை வளர்த்தெடுத்தார். போதையில்லாமல் இருக்கும் நேரத்தில் அவளோடு உட்காருங்கள், பேசுங்கள், சேர்ந்து வெளியே போங்கள். எடுத்துவிட்டு வந்தால் சண்டை போடாமல் விலகி நில்லுங்கள். அதனால் வரும் சங்கடங்களை அவளுக்காக மூடி மறைக்காதீர்கள். அப்புறம், உங்கள் தூக்கத்தையும் உங்கள் சிநேகிதங்களையும் விட்டுவிடாதீர்கள். குடிப்பழக்கம் உள்ளவர்களின் வீட்டார் 130 பேரை வைத்து 1999-இல் வெளிவந்த ஆய்வில், இந்தப் பயிற்சி பெற்றவர்களில் 64 சதவீதம் பேர் தங்கள் ஆளைச் சிகிச்சைக்கு வரவைத்தார்கள். எல்லோரும் கூடி நேருக்கு நேர் குற்றம்சாட்டித் திருத்தும் பழைய முறையில் அது 30 சதவீதம்தான்.

குழந்தைகளைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பேச்சு முடியாது. அமெரிக்க மாநிலச் சிறைகளில் 2016-இல் இருந்த பெண்களில் 58 சதவீதம் பேருக்கு 18 வயது நிரம்பாத பிள்ளைகள் இருந்தார்கள். அங்கே 1997-ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஒரு குழந்தை கடந்த 22 மாதங்களில் 15 மாதம் அரசு ஏற்பாட்டிலான வளர்ப்பில் இருந்தாலே, சில விலக்குகள் தவிர, தாயின் உரிமையை ரத்து செய்ய அரசு வழக்குப் போட வேண்டும். தண்டனைக் காலமே அதைவிட நீளமாக இருந்தால் அந்தத் தாய் என்ன செய்வாள்?

பிள்ளை பாட்டியிடம் வளர்ந்திருந்தாலும் திரும்பி வருவது சுலபமில்லை. குழந்தை எதற்கெடுத்தாலும் பாட்டியிடம்தான் ஓடும். அதைப் பார்க்கிற தாய், முதல் நாளே எல்லாவற்றையும் சரிசெய்துவிடப் பார்ப்பாள். கேட்டதெல்லாம் வாங்கிக் கொடுப்பாள், இல்லையென்றால் திடீரென்று கண்டிப்பாள். பாட்டி குறுக்கே வருவார். “இத்தனை வருஷம் நீ எங்கே இருந்தாய்?” என்ற வார்த்தை விழும். அன்று இரவு அவள் எதைத் தேடிப் போவாள் என்று உங்களுக்கே தெரியும். அதனால் பொறுப்பைப் படிப்படியாகக் கை மாற்றுங்கள். முதலில் பள்ளிக்குக் கூட்டிப்போவது மட்டும் அவளுடையதாக இருக்கட்டும். பாட்டியின் களைப்பையும் கோபத்தையும் கேட்க ஒரு கவுன்சலர் வேண்டும். அந்தப் பாட்டியை இதுவரை யாரும் எதுவும் கேட்டதில்லை.

சிறை நிர்வாகத்தில் இருப்பவர்களிடம் ஒரு கோரிக்கை. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2023-இல் ஒரு சட்டம் வந்தது. மறுநாள் அலுவலகங்கள் மூடியிருக்கும் என்பதால், வெள்ளிக்கிழமை விடுதலையாக வேண்டியவர்களைச் சற்று முன்னதாகவே அனுப்ப அது இடம் கொடுக்கிறது. அந்த அளவு அக்கறை எல்லா இடத்திலும் வர வேண்டும். விடுதலைத் தேதியை முன்கூட்டியே சொல்லுங்கள். அதற்குச் சில வாரங்கள் முன்பு, அவள் பெயர் சொன்ன ஆட்களை உள்ளே வரவழைத்து அவளோடு ஒரு மேசையைச் சுற்றி உட்கார வையுங்கள். யார் வந்து கூட்டிப்போவது, முதல் இரவு எங்கே தூங்குவது, மறுநாள் காலை மருந்து எங்கே கிடைக்கும், பழைய கூட்டாளி போன் செய்தால் யாரிடம் சொல்வது, மறுபடி எடுத்துவிட்டால் முதலில் யாரைக் கூப்பிடுவது என்று பேசி, அவள் கையாலேயே எழுதி வாங்குங்கள். அதில் ஒரு பிரதி அவளிடம் இருக்கட்டும், ஒன்று வீட்டில் இருக்கட்டும்.