ஹாஸ்டலுக்குக் கிளம்பும் முன் லேப்டாப்பைத் தயார் செய்துவிடுங்கள்

வணக்கம் நண்பர்களே. கவுன்சிலிங் முடிந்து பக்கெட், பெட்ஷீட், பூட்டு என்று வாங்கிக்கொண்டிருக்கும் முதல் வருடத் தம்பி தங்கைகளுக்காகத்தான் இந்த வீடியோ. லேப்டாப் புதிதாக இருக்கலாம், அண்ணனோ அக்காவோ பயன்படுத்தியதாக இருக்கலாம். எதுவானாலும் வீட்டில் இருக்கும்போதே ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து தயார் செய்துவிடுங்கள், ஏனென்றால் ஹாஸ்டலில் அறையும் பொது, வைஃபையும் பொது, உங்கள் லேப்டாப்பும் பாதிப் பொதுதான். "ஒரு நிமிஷம் குடுடா, அசைன்மென்ட் மட்டும் அடிச்சுட்டுத் தர்றேன்" என்று முதல் வாரமே கேட்பார்கள். கொடுங்கள், நண்பர்கள்தானே.

ஆனால் உங்கள் அக்கவுண்டைத் திறந்து கொடுக்காதீர்கள். செட்டிங்ஸில் அக்கவுண்ட்ஸ், அதற்குள் அதர் யூசர்ஸ், அங்கே நண்பர்களுக்கென்று தனியாக ஒன்றை உருவாக்குங்கள். அட்மினிஸ்ட்ரேட்டர் ஆக்க வேண்டாம், ஸ்டாண்டர்டு யூசராகவே இருக்கட்டும். அதில் நுழைபவருக்கு உங்கள் ஜிமெயிலும் வாட்ஸ்அப் வெப்பும் கண்ணில் படாது, விண்டோஸ் அமைப்பில் கைவைக்க வேண்டுமென்றால் உங்கள் பாஸ்வேர்டு தேவைப்படும். இதில் பலர் கவனிக்காத ஒன்று இருக்கிறது: டி டிரைவில் போட்டு வைப்பதை மற்ற அக்கவுண்டிலிருந்தும் சாதாரணமாகத் திறக்கலாம், டாக்குமெண்ட்ஸ், பிக்சர்ஸ் போன்ற உங்கள் சொந்த ஃபோல்டர்கள்தான் மூடியிருக்கும், அதனால் ஆதார் ஸ்கேன், மார்க்‌ஷீட், குடும்பப் படங்கள் எல்லாம் அந்தச் சொந்த ஃபோல்டர்களில்தான் இருக்க வேண்டும். மெஸ்ஸுக்கு எழுந்து போகும்போது விண்டோஸ் கீயையும் L எழுத்துக் கீயையும் சேர்த்து அழுத்துங்கள், லாக் ஆகிவிடும்.

அடுத்தது பிட்லாக்கர், அதாவது டிஸ்க்கில் இருப்பதை மற்றவர் படிக்க முடியாதபடி பூட்டும் (என்கிரிப்ட் செய்யும்) விண்டோஸ் வசதி. இப்போது வரும் பெரும்பாலான விண்டோஸ் 11 லேப்டாப்களில் மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட் போட்டு நுழைந்தாலே டிஸ்க் முழுக்கத் தானாக என்கிரிப்ட் ஆகிவிடும். நல்ல விஷயம், லேப்டாப் திருடு போனாலும் டிஸ்க்கைக் கழற்றிப் படிக்க முடியாது. ஆனால் பயாஸ் (லேப்டாப்பை முதலில் எழுப்பும் அடிப்படை சாஃப்ட்வேர்) அப்டேட்டோ மதர்போர்டு மாற்றமோ நடந்தால் 48 இலக்க ரிகவரி கீ கேட்கும், அது இல்லையென்றால் நீங்களே உள்ளே போக முடியாது! மைக்ரோசாஃப்ட் அக்கவுண்டில் அந்த எண் இருக்கும். இன்றே ஒரு தாளில் பிரிண்ட் எடுத்து வீட்டு பீரோவில் வைத்துவிடுங்கள்.

பழைய லேப்டாப் என்றால், விண்டோஸ் 10க்கான வழக்கமான சப்போர்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. ப்ராசஸரும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் ஒத்துவந்தால் 11-க்கு மாறிவிடுங்கள், பல ஜிபி டவுன்லோடு, அதை ஹாஸ்டல் வைஃபையில் செய்வது பெரும்பாடு. ஒத்துவரவில்லையென்றால் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச ஆபரேட்டிங் சிஸ்டம் போடலாம், சி, பைத்தான் எல்லாம் அதில் அருமையாக ஓடும்.

சரி, வைரஸ் எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் ஜெராக்ஸ் கடை பென்டிரைவிலிருந்து. பிரிண்ட் போட்டுத் திரும்பி வந்து செருகினால் ஃபோல்டர்களைக் காணோம், எல்லாம் ஷார்ட்கட்டாக நிற்கும். அந்த ஷார்ட்கட்டைக் கிளிக் செய்யாதீர்கள், கிளிக் செய்தால்தான் அது உங்கள் லேப்டாப்பில் ஏறும். பிடிஎஃப் ஆக்கி மெயிலில் அனுப்புங்கள், முடியாவிட்டால் பிரிண்டுக்கு மட்டும் ஒரு தனி பென்டிரைவ் வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் சீனியர்கள் அன்பாகத் தரும் கிராக் சாஃப்ட்வேர், அதாவது லைசென்ஸை உடைத்த திருட்டுக் காப்பி. இன்ஸ்டால் செய்யும் முன் ஆன்டிவைரஸை ஆஃப் செய் என்று அதில் எழுதியிருக்கும், அப்போதே நிறுத்திவிடுங்கள். ஆட்டோகேட் மாணவர்களுக்கு இலவசம், ஆட்டோடெஸ்க் தளத்தில் மாணவர் என்று நிரூபித்தால் போதும். மேட்லேப் லைசென்ஸ் கல்லூரியிலேயே இருக்கிறதா என்று லேபில் கேளுங்கள்.

ஹாஸ்டல் வைஃபையில் முதல்முறை சேரும்போது நெட்வொர்க் வகை பப்ளிக் என்று இருக்கட்டும், பக்கத்து அறைக்காரர்களுக்கு உங்கள் லேப்டாப் தெரியாது. மேக் அட்ரஸ் (உங்கள் லேப்டாப்பின் வைஃபைக்கான அடையாள எண்) பதிவு செய்யச் சொல்லும் ஹாஸ்டல் என்றால், அந்த எண்ணை மாற்றிக் காட்டும் ரேண்டம் ஹார்ட்வேர் அட்ரஸ் செட்டிங் ஆஃபில் இருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் பதிவு செய்த எண் ஒன்றாகவும் இணைவது வேறாகவும் இருக்கும்.

எப்போதும் சார்ஜரிலேயே கிடக்கும் என்பதால் பேட்டரி 80 சதவீதத்தோடு நிற்கும்படி லேப்டாப் கம்பெனியின் ஆப்பில் வைத்துவிடுங்கள். பேக்கப்புக்கு வாங்கும் ஹார்ட் டிஸ்க் லேப்டாப் பையில் வேண்டாம், பை போனால் இரண்டும் போய்விடும், அலமாரிக்குள் பூட்டி வையுங்கள். பில்லையும் அடியில் இருக்கும் சீரியல் நம்பரையும் போட்டோ எடுத்து அம்மா, அப்பா போனுக்கு அனுப்பி வையுங்கள், போலீஸில் புகார் கொடுக்க அதைத்தான் முதலில் கேட்பார்கள்.