16ஆம் நாளுக்குப் பிறகு

(கடலூர் தேவனாம்பட்டினத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம்.

நான் இந்தத் தெருவில் பிறந்தவள். 2009இல் என் அப்பா மஞ்சள் காமாலையில் இறந்துபோனார். அதற்குப் பிறகும் அம்மா விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து அடுப்பருகே போய் நிற்பார். அப்பா கடலுக்குக் கிளம்பும் நேரம் அது. எட்டு மணிவாக்கில் படகுகள் கரைக்குத் திரும்பும்போது, எத்தனை படகு வந்தாலும் அப்பாவுடைய எஞ்சினை அவர் காது பிரித்தெடுத்துவிடும். அந்தப் படகை விற்றாகிவிட்டது, வேறொருவர் ஓட்டுகிறார். ஆனாலும் சத்தம் கேட்டதும் அம்மா வாசலுக்கு வந்துவிடுவார். "பிரமை பிடித்துவிட்டது" என்றார்கள். செவிலியர் படிப்பு படித்த நானும் பயந்துதான் போனேன்.

அது பிரமை அல்ல. நார்வே நாட்டில் மே-பிரிட் மோசர், எட்வர்ட் மோசர் என்ற மூளை ஆய்வாளர்களின் ஆய்வுக்கூடத்தில் எலிகள் ஓடும் பெட்டிக்குள் பொம்மைக் கட்டைகளால் ஒரு கோபுரம் வைத்தார்கள். பிறகு அதை எடுத்துவிட்டார்கள். கோபுரம் இருந்த வெற்றிடத்தை எலி கடக்கும்போதெல்லாம் அதன் மூளையில் சில நரம்பணுக்கள் துடித்தன. சில நாட்கள் வரை துடித்துக்கொண்டே இருந்தன. ஒரு பொம்மைக் கோபுரத்துக்கே இப்படி என்றால், முப்பது ஆண்டு கூடவே வாழ்ந்த மனிதரை எட்டு மணிக்கு எதிர்பார்த்த மூளை எப்படி விடும்? அவர் இறந்துவிட்டார் என்று அறிவது ஒரே நாளில் நடக்கும். அவர் வரமாட்டார் என்று பழகுவதற்கு மாதங்கள் ஆகும்.

உடம்பும் சேர்ந்து அடிபடுகிறது. கார்ட்டிசால் என்ற மன அழுத்தச் சுரப்பு ஏறுகிறது. தூக்கம் கெடுகிறது, பசி போகிறது. "நெஞ்சு அடைக்கிறது" என்று அம்மா சொன்னபோது, ஒரு மருத்துவமனையில் வாயு என்று மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்கள். தயவுசெய்து அப்படி விட்டுவிடாதீர்கள், இ.சி.ஜி. எடுக்கச் சொல்லுங்கள். நெருங்கியவர் இறந்த முதல் 24 மணி நேரத்தில் மாரடைப்பு வரும் ஆபத்து பல மடங்கு கூடுகிறது. இன்னொரு நோயும் உண்டு. ஜப்பான் மீனவர்கள் பேய்க்கணவாய் பிடிக்கக் குறுகிய கழுத்தும் உருண்ட அடியும் கொண்ட பானையைக் கடலில் இறக்குவார்கள். அதன் பெயர் டாக்கோட்சுபோ. பேரதிர்ச்சியில் சிலருக்கு இதயத்தின் இடது கீழறை அந்தப் பானையைப் போலவே உப்பிவிடுகிறது. 1990இல் ஜப்பானிய மருத்துவர்கள் இந்த நோய்க்கு அந்தப் பானையின் பெயரையே வைத்தார்கள். மாதவிடாய் நின்ற பெண்களுக்கே இது அதிகம். பெரும்பாலோர் சில வாரங்களில் தேறிவிடுகிறார்கள்.

"ஏக்கத்திலேயே போய்விட்டார்" என்று நம் ஊரில் சொல்வது வெறும் பேச்சல்ல. மனைவியை இழந்த 4,486 ஆண்களைப் பிரிட்டனில் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தார்கள். முதல் ஆறு மாதத்தில் இறந்தவர்கள், அதே வயதில் மனைவியோடு இருந்த ஆண்களைவிட 40 விழுக்காடு அதிகம்.

இப்போது நம் வழக்கத்துக்கு வருகிறேன். ஒப்பாரி வைக்கிறோம், கட்டிப்பிடித்து அழுகிறோம், பக்கத்து வீட்டிலிருந்து சோறு வருகிறது. இவை எல்லாம் அருமையான வழக்கங்கள். ஆனால் 16ஆம் நாள் காரியம் முடிந்ததும் பந்தலோடு ஆட்களும் போய்விடுகிறார்கள். துணையை இழந்தவர்களின் ரத்தத்தைச் சிட்னி நகரில் சோதித்த ஆய்வு ஒன்று 1977இல் வெளிவந்தது. அவர்களுடைய வெள்ளை அணுக்களின் எதிர்ப்புத்திறன் நன்றாகக் குறைந்திருந்தது. அது தெரிந்ததோ சில வாரங்கள் கழித்து எடுத்த ரத்தத்தில்தான். அதாவது, நாம் எல்லோரும் கிளம்பிப் போன பிறகு.

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு இந்தக் கரையில் நடந்ததை நீங்கள் பார்த்தவர்கள். எல்லா வீடும் இழவு வீடாக இருந்தபோது, யார் வீட்டுக்கு யார் சோறு கொண்டுபோவது?

அம்மாவுக்கு என் அத்தை இருந்தார். காரியம் முடிந்த மறுநாளிலிருந்து காலை எட்டு மணிக்கு ஒரு கூடை மீனோடு வந்து எங்கள் வாசலில் உட்காருவார். ஆறுதல் எதுவும் சொல்லமாட்டார். இருவரும் மீன் ஆய்வார்கள். எஞ்சின் சத்தம் வரும், அம்மா எழுந்து போவார், திரும்பி வருவார், மறுபடி உட்காருவார். எட்டு மாதம் இப்படி ஓடியது. ஒரு நாள் அந்த எஞ்சின் சத்தம் வந்தபோது அம்மா கருவாட்டுக்கு உப்புத் தடவிக்கொண்டிருந்தார். தலையைத் தூக்கவில்லை. அத்தைதான் தூக்கிப் பார்த்தார்.